விறுவிறுன்னு ஒரு புக்கு இருக்காக்கா?

சின்னசேலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து அங்கே கூட்டம் தாங்காது. மார்க் ஷீட் நகல், சாதிச் சான்றிதழ் நகல், கல்லூரி விண்ணப்பம், 'ஓடிபி இன்னும் வரலக்கா' என்ற புலம்பல் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். கடையை நடத்துபவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஊருக்கே அக்கா. அவருக்குப் பின்னால், ஏ4 பேப்பர் கட்டுகளுக்கு மேலே, இரண்டு தட்டு நிறைய நாவல்கள். விலைக்கு இல்லை, இரவலுக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். வாடகை, அபராதம் எதுவும் கிடையாது. சில புத்தகங்கள் திரும்பி வராது. "எங்கயாவது யாராவது படிச்சிட்டிருப்பாங்க, வுடு" என்பார்.

அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான். "விறுவிறுன்னு ஒரு புக்கு இருக்காக்கா?"

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது லேசில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கப் போனால் கடையில் சிறுவர் நூல்கள் என்று ஒரு பகுதி இருக்கும். யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' போல, 2020-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய நல்ல நாவல்களும் அதில் கிடைக்கும். அதைத் தாண்டினால் நேராகப் பெரியவர்களுக்கான நாவல்கள்தான். இடையில் இருக்கிற பதினைந்திலிருந்து இருபது வயதுக்காரர்களுக்கென்று தனி அலமாரி நம்மிடம் வழக்கமில்லை. ஆங்கிலத்தில் உண்டு. எஸ்.இ.ஹின்டன் என்ற அமெரிக்கப் பெண் பள்ளிக்கூடம் போகும் வயதில் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967-ல் வெளிவந்தது. அதிலிருந்து தொடங்கி 'ஹங்கர் கேம்ஸ்' வரைக்கும் அந்த வயதுக்கென்றே எழுதுகிறார்கள், விற்கிறார்கள், படம் எடுக்கிறார்கள்.

அப்படியென்றால் தமிழில் அந்த வயதுக்காரர்கள் ஒரு காலத்தில் எதைப் படித்தார்கள்? வீட்டுக்கு வந்த வாரப் பத்திரிகையைத்தான். அக்கா வளர்ந்த வீட்டில் ஐந்து பிள்ளைகள். பத்திரிகை வருகிற நாளில் பேப்பர்காரரின் சைக்கிள் மணிக்கு வாசலில் காத்திருந்தவருக்குத்தான் முதல் உரிமை. அடுத்தவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிப்பார். 'தொடரும்' என்ற ஒரு சொல் ஏழு நாள் தூக்கத்தைக் கெடுக்கும். அம்மா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்துவைத்து, பைண்ட் போட்டு வைத்திருந்தார். அந்த வயதுக்கு எது ஏற்றது என்று யாரும் தரம் பிரிக்கவில்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே அத்தியாயத்துக்காகச் சண்டை போட்டார்கள். யாரும் யாருக்கும் பரிந்துரைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வாரம் தவறாமல் வாசலுக்கே நாவல் வந்தது. இன்று அந்த சைக்கிள் மணி பல தெருக்களில் இல்லை. பத்திரிகை செய்துவந்த வேலையை இப்போது ஒரு மனிதர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

பெரியவர்கள் செய்வது என்னவென்றால், பிறந்தநாளுக்கு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் மொத்தமாக வாங்கிக் கையில் கொடுத்துவிடுவது. ஐந்து பாகத்தைப் பார்த்த பிள்ளைக்கு அது செமஸ்டர் பாடத்திட்டம் போலத் தெரிகிறது. அப்புறம் ஷோகேஸில் பொம்மைக்குப் பக்கத்தில் அழகாக உட்கார்ந்துவிடும்.

1950-லிருந்து 1954 வரை கல்கி வார இதழில் வாரம் ஒரு துண்டாக வந்த கதை அது. ஒரே நாளில் விழுங்குவதற்காக எழுதப்படவில்லை. அக்கா முதல் பாகத்தை மட்டும் தருவார். அதுவும் ஒரு நிபந்தனையோடு. "ஆடிப்பெருக்கு, வீராணம் ஏரி, குதிரைன்னு மெதுவாத்தான் போகும். கடம்பூர் மாளிகையில நடுராத்திரி ஒரு கூட்டம் நடக்கும் பாரு, அதுவரைக்கும் படி. அதுக்கப்புறமும் புடிக்கலைன்னா கொண்டாந்து குடுத்துடு." அந்தக் கூட்டத்தை வந்தியத்தேவன் ஒளிந்திருந்து பார்த்துவிட்டான் என்றால், பிள்ளையும் அதற்குப்பின் புத்தகத்தைக் கீழே வைப்பதில்லை.

இன்னொரு தூண்டிலும் வைத்திருக்கிறார். ஆதித்த கரிகாலனின் தாத்தா, திருக்கோவலூர் மலையமான், அந்தக் கதையில் வரும் கிழட்டுச் சிங்கம். திருக்கோவிலூர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019-ல் விழுப்புரத்திலிருந்து மாவட்டம் பிரிந்தபோது நம் பக்கம் வந்துவிட்டது. "நம்ம ஜில்லாக்காரர் ஒருத்தர் வர்றாரு, கண்டுபுடி" என்று சொன்னால் போதும். மணிரத்னத்தின் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் புத்தகத்தில் மிச்சம் நிறைய இருக்கிறது. கரிகாலனைக் கொன்றது யார் என்ற முடிச்சைக் கல்கி கடைசிவரைக்கும் முழுதாக அவிழ்க்கவே இல்லை. அதைப் பற்றிப் பிள்ளைகள் கடை வாசலில் நின்று வாதாடுவது கேட்கச் சுகமாக இருக்கும்.

திருக்கோவிலூரைச் சொன்னால் 'வேள்பாரி'யைச் சொல்லாமல் இருக்க முடியாது. சு.வெங்கடேசன் எழுத, ஆனந்த விகடனில் 2016-லிருந்து 2018 வரை நூறு வாரத்துக்கு மேல் தொடராக வந்தது. பறம்பு மலையும் பாரியும் கபிலரும் வருகிற அந்த நாவலைப் படித்துவிட்டு, தென்பெண்ணைக் கரையில் இருக்கிற கபிலர் குன்றைப் பார்க்கப் புறப்பட்டுப் போன பையன்கள் உண்டு. பாரி இறந்தபின் அவன் மகள்களைக் கரைசேர்த்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடம் என்று அந்தப் பாறையைச் சொல்கிறார்கள். கல்வெட்டிலும் அந்தச் செய்தி இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாக இருந்த கபிலர், ஆற்று நடுவில் ஒரு பாறையில் இருப்பது தெரிந்தால் எந்தப் பையனுக்கும் ஓர் அதிர்ச்சி வரத்தான் செய்யும். ஒரே குறை, இரண்டு பாகமும் தலையணைக் கனம். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க முடியாது.

பஸ் முக்கியம். சின்னசேலத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் கல்லூரி வாழ்க்கையைப் பஸ்ஸில்தான் கழிக்கிறார்கள். கள்ளக்குறிச்சிக்கு ஒரு கூட்டம், ஆத்தூருக்கு ஒரு கூட்டம், சேலத்துக்கு ஒரு கூட்டம். போகவர இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். அந்த நேரம் முழுவதும் ரீல்ஸுக்குப் போகிறது. அதோடு மல்லுக்கு நிற்க வேண்டுமானால் நாவல் முதல் பக்கத்திலேயே கையைப் பிடித்து இழுக்க வேண்டும். சுஜாதாவை விட்டால் இதற்கு ஆள் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். ஆங்கில மீடியத்தில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகூட மூச்சு வாங்காமல் போய்விடும். பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை கணேஷையும் வஸந்தையும் அலைக்கழிக்கிற 'கொலையுதிர் காலம்' ராத்திரியில் தனியாகப் படிக்க வேண்டிய ரகம். 'என் இனிய இயந்திரா'வில் பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஜீனோ என்ற ஒரு இயந்திர நாய் புத்தகம் படித்து, சுயமாக யோசிக்க ஆரம்பிக்கும். சுஜாதா எண்பதுகளில் உட்கார்ந்துகொண்டு 2020-களைப் பற்றி எழுதியது. செயற்கை நுண்ணறிவோடு தினமும் அரட்டை அடிக்கிற இன்றைய பிள்ளை ஜீனோவைப் படித்தால், அவர் எங்கே சரியாகச் சொன்னார், எங்கே தவறவிட்டார் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.

ராஜேஷ்குமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதிய மனிதர். பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடைகளில் க்ளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள் எத்தனையோ பேரை வாசகராக்கின. அதையெல்லாம் படிக்காதே என்று மூக்கைச் சுருக்குகிறவர்கள், அந்தப் பிள்ளை அடுத்து எதைப் படிக்கும் என்று பொறுத்துப் பார்ப்பதில்லை.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. 'உனக்கு என்ன மாதிரி புக்கு வேணும்' என்று கேட்கவே மாட்டார். "கடைசியா எந்தப் படத்தப் பாத்துட்டு ராத்திரி தூக்கம் வரல?" என்பார். ஒரு பையன் 'அசுரன்' என்றான். பாலிடெக்னிக் படிக்கிறவன், பாடப்புத்தகம் தவிர வேறெதையும் தொட்டதில்லை. பூமணியின் 'வெக்கை'யை எடுத்து நீட்டினார். "இதான் அந்தப் படம். ஆனா இதுல தனுஷ் கிடையாது. ஹீரோ உன்னவிடச் சின்னப் பையன்."

1982-ல் வந்த நாவல் அது. படத்தில் தகப்பன்தான் நாயகன். புத்தகத்தில் எல்லாமே பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கண்ணால் நடக்கிறது. அண்ணனைக் கொல்ல வைத்தவனை அவன் வெட்டிவிட்டான். கையை மட்டும் எடுக்க நினைத்தவன், உயிரையே எடுத்துவிட்டான். அது ஆரம்பத்திலேயே முடிந்துபோகிறது. அதற்குப்பின் எட்டு நாள், அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். போலீஸ் வருமா, அம்மாவும் தங்கச்சியும் எங்கே, இன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி? சண்டைக் காட்சி எதுவும் இல்லாமலே நெஞ்சு படபடக்கும். ஆனால் அந்த நாவலின் ரகசியம் வேறு. மகன் கொலை செய்துவிட்டு வந்திருக்கிறான். அப்பா அவனை ஒரு வார்த்தை திட்டாமல், பக்கத்தில் உட்கார வைத்து, அடுப்புக் கூட்டி, பேசிக்கொண்டே இருக்கிறார். பதினேழு வயதுப் பையனுக்கு அப்பாவோடு பேச்சு அறுந்துபோகிற காலம். அந்த பாலிடெக்னிக் பையன் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கதையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "அந்த அப்பா நல்லா பேசுறாருக்கா" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் பெயர் நோட்டில் பதினோரு தடவை இருக்கிறது.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' கிரிக்கெட் பைத்தியங்களுக்கு. 1977-ல் புத்தகமாக வந்தது. செகந்திராபாத்தில் கல்லூரிக்குப் போகிற சந்திரசேகரனுக்கு மாடு மேய்க்க வேண்டும், மேட்ச் ஆட வேண்டும், பெண்களைப் பார்த்தால் வெட்கம். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, நிஜாமின் ஊருக்கு வரவில்லை. ரஜாக்கர்கள் தெருவில் திரிகிறார்கள். மெதுவாகக் காய்கிற எண்ணெய் போல, எப்போது பொங்கும் என்றே தெரியாது. கடைசிப் பக்கங்களை முன்கூட்டியே புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு புத்தகத்திலாவது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் வேறு ஊர்க் கதைகள். நடுநாட்டு மண்ணிலேயே, சின்னசேலத்திலிருந்து ரயில் ஏறினால் வருகிற விருத்தாசலம் பக்கத்திலேயே, நல்ல நாவல்கள் முளைத்திருப்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'யில் மாப்பிள்ளை என்று ஒருவனைக் காட்டிவிட்டு வேறொருவனுக்குக் கட்டிவைத்துவிடுகிறார்கள். அந்த அநியாயத்தை அஞ்சலை என்ன செய்யப்போகிறாள் என்பதுதான் கதையை இழுத்துக்கொண்டு போகிறது. பேச்சு முழுக்க நம் ஊர்ப் பேச்சு. "இப்படியெல்லாம் பேசுறத புக்குல போடலாமாக்கா?" என்று ஒரு பெண் ஆச்சரியப்பட்டாள். அதே பக்கத்துக்காரரான இமையத்தின் 'பெத்தவன்' சின்னப் புத்தகம்தான், நெடுங்கதை என்று சொல்லலாம். வேறு சாதிப் பையனை விரும்பிய மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர் கெடு வைக்கிறது. தகப்பன் கையில் இருப்பது ஒரே ஓர் இரவு. திகில் நாவல் எழுதுகிற யாரும் இதைவிட இறுக்கமாக ஒரு கடிகாரத்தை ஓடவிட முடியாது.

'பெத்தவன்' நோட்டில் ஏறிய ஒரு வாரத்தில், ஒரு தகப்பனார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா, வயசுப் பொண்ணு கையில குடுக்கிற கதையா இது?"

"படிச்சீங்களாண்ணே?"

"நான் எதுக்குப் படிக்கணும்? பின்னாடி அட்டையில போட்டிருக்கிறதப் பாத்தாலே தெரியுதே."

"ஒரு மணி நேரந்தாண்ணே ஆவும். படிச்சிட்டுத் திட்டுங்க. நானே வாங்கிக்கிறேன்."

அவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தோடு போய்விட்டார். கடையில் இருந்தவர்கள் அக்காவைக் கடிந்துகொண்டார்கள். உனக்கு எதுக்கு வம்பு, ஜெராக்ஸ் போட்டோமா காசை வாங்கினோமான்னு இல்லாம! அக்காவுக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் வந்து புத்தகத்தை மேசைமேல் வைத்தார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஒரு ஆதார் நகல் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் வழக்கம்போல வந்தாள். "அப்பா கேட்டாரு, இதே மாதிரி இன்னொன்னு இருக்கான்னு" என்றாள். யாருக்காகக் கேட்டார் என்று அக்கா விசாரிக்கவில்லை.

இந்த வேலையில் உள்ள சிக்கல் இதுதான். பதினாறு வயதுக்கு எது அதிகம், எது போதாது? நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைக்கு நாவல் எதற்கு என்று சண்டை பிடிக்கிற அம்மாக்களைச் சமாளித்துவிடலாம். ஒரு நாளைக்கு இருபது பக்கம் என்று பேரம் பேசினால் பாதிப்பேர் இறங்கி வருவார்கள். தட்டில் ஒரு புத்தகம் மட்டும் அட்டையில் பழைய செய்தித்தாள் போட்டு, பெயர் தெரியாமல் இருக்கிறது. ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'. 2004-ல் வந்தது. வீரப்பனைத் தேடுகிறோம் என்று அதிரடிப்படை போனபோது, சத்தியமங்கலம் காட்டுச் சோளகர்கள் பட்ட பாட்டைச் சொல்லும் நாவல். ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. படித்தால் பல நாளைக்கு மறக்கவும் முடியாது. சித்திரவதைக் காட்சிகள் பெரியவர்களையே உலுக்கிவிடும். பதினெட்டு தாண்டாமல் அக்கா அதைக் கொடுப்பதில்லை.

அந்தப் புத்தகத்தைக் கேட்டு, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்ட விதம்தான் வித்தியாசம். "மலையில இருக்கிறவங்க கதை இருக்குன்னாங்க. எங்க மலைக் கதையாக்கா?"

இல்லை, அது வேறு மலை. அவள் மலைக்குக் கதைக்கா பஞ்சம்? சுதந்திரம் வந்து கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்தும், 1976 வரைக்கும், கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர், மலைக்கு ஒருவராகப் பிரிந்து குடியேறினார்கள் என்று மலையாளி மக்கள் தங்கள் பூர்வீகத்தைச் சொல்வார்கள். ஐந்து பாகத்துக்குத் தாங்குகிற விஷயம். ஆனால் அவள் வயதில் ஒருத்தி வெள்ளிமலைச் சாலையில் ஓடுகிற, ஒளிகிற, ஜெயிக்கிற விறுவிறு நாவல் ஒன்று அந்த இரண்டு தட்டில் இல்லை. அக்கா தட்டை மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தார். பதினாறு வயதுக்கு 'சோளகர் தொட்டி'யைக் கொடுக்கவும் மனசில்லை. இல்லை என்று அனுப்பவும் மனசில்லை. கடைசியில் 'வெக்கை'யை எடுத்துக் கொடுத்து, காடு வரும், புடிக்குதா பாரு என்றார்.

தீபாவளி லீவுக்கு அவள் ஊருக்குப் போயிருந்தபோது, ராத்திரி பதினோரு மணிக்கு அக்காவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. மலையில் சிக்னல் கிடைக்கிற இடம் தேடி நின்று பேசியிருக்கிறாள் போல, காற்றுச் சத்தம் அதிகம். "அக்கா, புக்க முடிச்சிட்டேன். எங்க தாத்தாவுக்கும் படிச்சுக் காட்டினேன். காட்டுல ஒளியணும்னா இவங்க ஒளியிற மாதிரி ஒளிஞ்சா மாட்டிக்குவாங்கன்னு சொல்றாரு. அவரு சின்ன வயசுல ஜாகிர்தார் ஆளுங்களுக்குப் பயந்து எங்க ஒளிஞ்சாருன்னு சொல்லிட்டிருக்காரு. இன்னும் முடியலக்கா, நாளைக்கு மிச்சத்தச் சொல்றேன்னுட்டுத் தூங்கிட்டாரு."